பெயர் அடிபடுகிறது

தேர்தல் முடிந்தது. ஓட்டு எண்ணியாயிற்று. ஜெயித்தவர் வீட்டு வாசலில் வெடிச் சத்தம் ஓயவில்லை. தோற்றவர் வீட்டில் கதவு சாத்திக் கிடக்கிறது. மறுநாள் காலையில் செய்தித்தாள் வருகிறது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: "புதிய மந்திரி சபையில் யார் யார்?"

கீழே பத்துப் பன்னிரண்டு பேரின் படங்கள். இவருக்கு நிதி இலாகா. அவருக்கு ரயில்வே. இன்னொருவருக்கு விவசாயம். பக்கத்தின் ஓரத்தில் வேறொரு செய்தி. "அடுத்த ஜனாதிபதி யார்?" என்று தலைப்பு. ஜனாதிபதி தேர்தலுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கும். அதற்குள் ஐந்து பெயர்கள் வந்துவிடும்.

இதற்கென்றே நம் பத்திரிகைகளில் ஒரு பேச்சு இருக்கிறது. "அவர் பெயர் அடிபடுகிறது" என்று எழுதுவார்கள். அடிபடுவது பெயர்தான், ஆள் அல்ல. ஆனால் சில சமயம் பெயர் முதலில் அடிபட்டதாலேயே ஆளும் அடிபட்டுப் போவதுண்டு.

கடைசிச் சொல்லைப் படியுங்கள்

தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது. "இன்னார் நிதி மந்திரி ஆவார்" என்று படிக்கிறோம். அத்தோடு நிறுத்தினால் அது முடிந்துபோன விஷயம் போலத் தோன்றும். இன்னும் ஒரு சொல் தள்ளிப் போனால், "என்று கூறப்படுகிறது" என்று இருக்கும். கூறியது யார்? அது அங்கே இல்லை.

"எதிர்பார்க்கப்படுகிறது", "தெரிகிறது", "பேச்சு நிலவுகிறது" எல்லாம் இதே வகைதான். "டில்லி வட்டாரங்கள் தெரிவித்தன" என்றும் எழுதுவார்கள். வட்டாரம் என்றால் தன் பெயரைச் சொல்ல விரும்பாத ஆள் என்று அர்த்தம். ஒரே ஆள் கூட வட்டாரங்கள் ஆகிவிடுவார்.

"அறிவித்தார்", "நியமித்தார்", "பதவி ஏற்றார்" என்று முடியும் வாக்கியம் வேறு ஜாதி. அதில் செய்தவர் பெயர் இருக்கும். நடந்த நாள் இருக்கும். முதல் வகை யூகம். இரண்டாவது வகை செய்தி. இரண்டையும் ஒரே அளவு எழுத்தில்தான் அச்சடிக்கிறார்கள். தலைப்பை மட்டும் யாரோ படிக்கக் கேட்டவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தானே கடைசி வரை படிப்பவருக்குத்தான் தெரியும்.

எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று

யூகம் எவ்வளவு தூரம் தவறும்? பிரதமர் பதவியையே எடுத்துக்கொள்வோம்.

1991-ல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. பி.வி. நரசிம்மராவ் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. அரசியலை விட்டு ஒதுங்கும் எண்ணத்தில் இருந்தார். தேர்தலின் நடுவே, மே 21-ல், ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். ஒரு மாதம் கழித்து, ஜூன் 21-ல், நரசிம்மராவ் பிரதமராகப் பதவி ஏற்றார். அவருடைய நிதி மந்திரி மன்மோகன் சிங். அவரும் அப்போது எம்.பி. இல்லை. அதுவரை கட்சிக்காரராக இருந்து வளர்ந்தவரும் இல்லை. அவர் ஒரு பொருளாதார நிபுணர்.

1996-ல் எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் இடம் கிடைக்கவில்லை. வாஜ்பாய் பதவி ஏற்றார். 13 நாளில் ராஜினாமா செய்ய நேர்ந்தது. வேறு பல கட்சிகளும் சேர்ந்து ஆள் தேடியிருந்தன. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசுவைக் கேட்டார்கள். அவருடைய கட்சி சம்மதிக்கவில்லை. கடைசியில் கர்நாடக முதல்வராக இருந்த தேவே கவுடா பிரதமரானார். தேர்தல் நேரத்தில் யாராவது அவர் பெயரைச் சொல்லியிருந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

2004-ல் நடந்தது இன்னும் வியப்பு. மே 13-ல் முடிவு வந்தது. காங்கிரஸ் கூட்டணி முன்னே நின்றது. சோனியா காந்திதான் பிரதமர் என்று நாடே நம்பியது. இது வெறும் வட்டாரப் பேச்சும் இல்லை. கட்சி எம்.பி.க்கள் கூடி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மே 18-ல் அவர் தமக்குப் பிரதமர் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மே 22-ல் மன்மோகன் சிங் பதவி ஏற்றார். ஐந்து நாளில் எல்லோருடைய கணக்கும் மாறிப்போனது.

மந்திரி ஆவது எப்படி?

பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். சட்டமும் எண்ணிக்கையும் அப்படி மாறுவதில்லை. அவற்றைத் தெரிந்துகொண்டால் யூகத்தில் எது நடக்கக் கூடியது, எது நடக்காது என்று நாமே சொல்லிவிடலாம்.

மக்களவையில் 543 எம்.பி.க்கள். ஆட்சி அமைக்க 272 பேர் ஆதரவு வேண்டும். அந்த ஆதரவு இருப்பவரை ஜனாதிபதி பிரதமராக நியமிப்பார். மந்திரிகளின் பட்டியலைப் பிரதமர் கொடுப்பார். ஜனாதிபதி அவர்களை நியமிப்பார். பட்டியல் பிரதமரின் கையில் இருக்கும் வரை யார் பெயர் வேண்டுமானாலும் சேரலாம். யார் பெயர் வேண்டுமானாலும் விடுபடலாம்.

எம்.பி.யாக இல்லாதவரும் மந்திரி ஆகலாம். ஆனால் ஆறு மாதத்திற்குள் மக்களவைக்கோ மாநிலங்களவைக்கோ உறுப்பினராக வேண்டும். இல்லாவிட்டால் பதவி போய்விடும். நரசிம்மராவும் மன்மோகன் சிங்கும் தேவே கவுடாவும் இப்படித்தான் பதவிக்கு வந்த பிறகு எம்.பி. ஆனார்கள்.

எத்தனை மந்திரிகள் இருக்கலாம்? முன்பு இதற்கு வரம்பே இல்லை. உத்தரப்பிரதேசத்தில் 1997-ல் கல்யாண்சிங் மந்திரி சபையில் 93 பேர் இருந்தார்கள்! ஆதரவு கொடுத்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டதில் வந்த கூட்டம் அது. 93 மந்திரிக்கும் கார், பங்களா, காவல். செலவு மக்கள் தலையில். 2003-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி பிரதமரையும் சேர்த்து மந்திரிகள், மக்களவை உறுப்பினர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 543-க்குக் கணக்குப் போட்டால் 81 வரும். மாநிலங்களுக்கும் இதே விதிதான். உத்தரப்பிரதேசத்தில் 403 எம்.எல்.ஏ.க்கள். அங்கே இனி 60 மந்திரிக்கு மேல் முடியாது.

2024 தேர்தலை இந்தக் கணக்கோடு பார்க்கலாம். பா.ஜ.க.வுக்கு 240 இடம் கிடைத்தது. 272-க்கு 32 குறைவு. தெலுங்கு தேசத்தின் 16, ஐக்கிய ஜனதா தளத்தின் 12, இன்னும் சில சிறு கட்சிகள் சேர்ந்து கூட்டணிக்கு 293 ஆனது. உடனே யூகம் கிளம்பியது. இந்த இரண்டு கட்சிகளும் பெரிய இலாகாக்களைக் கேட்டு வாங்கும் என்று எழுதினார்கள். ஜூன் 9-ல் பிரதமர் நரேந்திர மோடியோடு சேர்த்து 72 பேர் பதவி ஏற்றார்கள். உள்துறை அமித் ஷாவிடம், பாதுகாப்பு ராஜ்நாத் சிங்கிடம், நிதி நிர்மலா சீதாராமனிடம், வெளியுறவு ஜெய்சங்கரிடம். முன்பு யாரிடம் இருந்தனவோ அவர்களிடமே இருந்தன. இரண்டு கூட்டணிக் கட்சிகளுக்கும் தலைக்கு ஒரு காபினெட் மந்திரி, ஒரு இணை மந்திரி. அவ்வளவுதான்.

காபினெட் மந்திரி என்றால் முதல் வரிசை. கொள்கை முடிவுகள் அவர்கள் கூடும் கூட்டத்தில் எடுக்கப்படுகின்றன. அடுத்தது தனிப் பொறுப்புள்ள இணை மந்திரி. அவருக்கு மேலே அந்த இலாகாவில் வேறு மந்திரி இல்லை. மூன்றாவது இணை மந்திரி. அவர் ஒரு காபினெட் மந்திரிக்குத் துணையாக வேலை செய்வார். "எங்கள் ஊர்க்காரர் மந்திரி ஆகிவிட்டார்" என்று கேள்விப்பட்டால், எந்த வரிசை என்று கேட்பது நல்லது.

72 பேர் பதவி ஏற்றார்கள். வரம்பு 81. அன்று மிச்சம் 9 இடம். "விரைவில் மந்திரி சபை மாற்றம்" என்ற செய்தி எப்போதும் இந்த மிச்ச இடங்களை வைத்துத்தான் உயிர் வாழ்கிறது.

பெயரைக் கிளப்புவது யார்?

சில சமயம் பதவி வேண்டுபவரே கிளப்புகிறார். பத்திரிகையில் தன் பெயர் வந்தால் மேலே உள்ளவர்கள் கண்ணில் படும் என்ற ஆசை. சில சமயம் அவருக்கு ஆகாதவர் கிளப்புகிறார். பெயர் முன்கூட்டியே வெளியே வந்தால் எதிர்ப்பும் முன்கூட்டியே வரும். ஜாதி, ஊர், பழைய வழக்கு எல்லாம் தோண்டி எடுக்கப்படும். சில சமயம் கட்சியே ஆழம் பார்க்கிறது. ஒரு பெயரைக் காற்றில் விட்டு யார் முகம் சுளிக்கிறார்கள் என்று கவனிக்கிறது. பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் தினமும் ஏதாவது சொல்லியாக வேண்டும். முடிவு வராத நாளில் யூகம்தான் அவர்களுக்குச் சோறு.

இது டில்லியோடு நின்றால் பாதகமில்லை. ஊருக்குள்ளும் வந்துவிடுகிறது. "புது மந்திரியின் மச்சான் எனக்கு வேண்டியவர். ரயில்வேயில் வேலை வாங்கித் தருகிறேன். முன்பணம் கொடு" என்று ஒருவர் வருவார். தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2024-ல் மந்திரிகள் பதவி ஏற்றது ஜூன் 9 இரவு. இலாகா பட்டியல் வெளிவந்தது மறுநாள் மாலை. எந்த இலாகா யாருக்கு என்று அதிகாரப்பூர்வமாகத் தெரிய ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. தரகருக்கு மட்டும் ஒரு மாதம் முன்பே எப்படித் தெரிந்தது? ரயில்வே வேலைக்கு விளம்பரம் வரும், தேர்வு வைப்பார்கள். மந்திரியின் மச்சான் அதில் எங்கும் வருவதில்லை.

ஜனாதிபதி நாற்காலி

மந்திரி சபைப் பேச்சும் ஜனாதிபதி பேச்சும் ஏன் ஒன்றாகவே வருகின்றன? ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். 2012-ல் இது நடந்தது. ஜனாதிபதி தேர்தல் நெருங்கியது. ஜூன் மாதம் மம்தா பானர்ஜியும் முலாயம் சிங்கும் மூன்று பெயர்களைச் சொன்னார்கள். அப்துல் கலாம், சோம்நாத் சட்டர்ஜி, அப்போது பிரதமராக இருந்த மன்மோகன் சிங்! இரண்டே நாளில் காங்கிரஸ் கூட்டணி வேறு பெயரை அறிவித்தது. அவர் நிதி மந்திரி பிரணாப் முகர்ஜி. அவர் ராஜினாமா செய்தார். ஜனாதிபதி ஆனார். பிறகு உள்துறையில் இருந்த ப. சிதம்பரம் நிதிக்குப் போனார். மின்துறையில் இருந்த சுஷில்குமார் ஷிண்டே உள்துறைக்குப் போனார். ஒருவர் எழுந்ததில் மூன்று நாற்காலிகள் இடம் மாறின.

ஜனாதிபதி யார் என்பது சும்மா பேசிப் பொழுதுபோக்கும் விஷயமும் இல்லை. யாருக்கும் பாதிக்கு மேல் இடம் கிடைக்காதபோது யாரை முதலில் அழைப்பது என்று முடிவு செய்பவர் அவர்தான். 1996-ல் சங்கர் தயாள் சர்மா வாஜ்பாயை அழைத்தார். 1998-ல் கே.ஆர். நாராயணன், ஆதரவு தரும் கட்சிகளின் கடிதத்தைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டு வாங்கிய பிறகே அழைத்தார். அந்த நாட்களில் அ.தி.மு.க.வின் கடிதம் வரத் தாமதமானதால் டில்லியே காத்திருந்தது.

உங்கள் எம்.எல்.ஏ.வின் ஓட்டு எவ்வளவு கனம்?

ஜனாதிபதி தேர்தலில் நாம் நேராக ஓட்டுப் போடுவதில்லை. நாம் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் போடுகிறார்கள். மாநிலங்களவைக்கு நியமனம் செய்யப்பட்டவர்களுக்கு ஓட்டு இல்லை. சட்ட மேலவை உறுப்பினருக்கும் இல்லை.

எல்லா எம்.எல்.ஏ.க்களின் ஓட்டும் சமமா? இல்லை. பெரிய மாநிலத்து எம்.எல்.ஏ. அதிக மக்களுக்காகப் பேசுகிறார். அதனால் அவர் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். கணக்கு கடினமில்லை. ஒரு பென்சில் போதும்.

மாநிலத்தின் மக்கள் தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வந்ததை 1,000-ஆல் வகுக்க வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் மக்கள் தொகை 8,38,49,905. எம்.எல்.ஏ.க்கள் 403. வகுத்தால் 2,08,064 வரும். அதை 1,000-ஆல் வகுத்தால் 208. அங்கே ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு மதிப்பு 208. சிக்கிமில் மக்கள் தொகை 2,09,843. எம்.எல்.ஏ.க்கள் 32. அங்கே ஓட்டின் மதிப்பு வெறும் 7. தமிழ்நாட்டில் 4,11,99,168 பேர், 234 எம்.எல்.ஏ.க்கள். போட்டுப் பாருங்கள். 176 வரும்.

இந்த மக்கள் தொகை மிகவும் குறைவாக இருக்கிறதே என்று கேட்கலாம். சரியான கேள்வி. இது 1971-ல் எடுத்த கணக்கு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களின் பலம் அதனாலேயே குறைந்துவிடக் கூடாது. அதற்காக 1971 கணக்கையே வைத்துக்கொள்ளச் சட்டம் செய்தார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை இது செல்லும்.

எல்லா எம்.எல்.ஏ.க்களின் மதிப்பையும் கூட்டி, எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு எம்.பி.யின் மதிப்பு வரும். 2022-ல் எம்.எல்.ஏ.க்களின் மதிப்பு மொத்தம் 5,43,231. எம்.பி.க்கள் 776. ஒரு எம்.பி.க்கு 700. நாடாளுமன்றத்தின் எடையும் எல்லாச் சட்டசபைகளின் எடையும் தராசில் ஏறக்குறைய சமம். ஆகவே ஒரு மாநிலத்தில் சட்டசபைத் தேர்தல் முடிந்ததுமே ஜனாதிபதி பேச்சு கிளம்புவதில் அர்த்தம் இருக்கிறது. உத்தரப்பிரதேசச் சட்டசபைக்கு மட்டும் 83,824 மதிப்பு. இந்தக் கணக்கில் ஓட்டுரிமை வராத குழந்தையும் ஒரு தலை. கூலிக்காரரும் ஒரு தலை. கோடீஸ்வரரும் ஒரு தலைதான்.

கட்சி நிறுத்தியவர் தோற்ற கதை

எண்ணிக்கை தெரிந்தால் முடிவு தெரிந்துவிடும் என்று நினைக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான். ஒரு முறை அது பொய்த்தது.

1969 மே மாதம் ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். காங்கிரஸ் கட்சி நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. பிரதமர் இந்திரா காந்தியே அவர் மனுவை முன்மொழிந்து கையெழுத்திட்டார். ஆனால் அவருக்கு அதில் மனமில்லை. துணை ஜனாதிபதியாக இருந்த வி.வி. கிரி பதவியை விட்டுவிட்டுச் சுயேச்சையாக நின்றார். கடைசி நேரத்தில் இந்திரா காந்தி, "அவரவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்" என்றார். இந்தத் தேர்தலில் ஓட்டு ரகசியம். கட்சிகள் கொறடா உத்தரவு போட முடியாது.

முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி வரவில்லை. இந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுபவர் 1, 2, 3 என்று வரிசை போட்டுத் தம் விருப்பத்தைக் காட்டலாம். குறைந்த ஓட்டு வாங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கினார்கள். அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணினார்கள். கிரி 4,20,077. ரெட்டி 4,05,427. கிரி ஜெயித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் கட்சி இரண்டாக உடைந்தது.

ரெட்டியின் கதை அங்கே முடியவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 1977-ல், அவர் போட்டியே இல்லாமல் ஜனாதிபதி ஆனார். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடும் இந்தத் தேர்தலில் போட்டியின்றி ஜெயித்தவர் அவர் ஒருவர்தான்.

யார் பெயரும் இல்லாத பட்டியல்

2002-ல் மகாராஷ்டிர ஆளுநர் பி.சி. அலெக்சாண்டர் பெயர் அடிபட்டது. துணை ஜனாதிபதி கிருஷ்ண காந்த் பெயரும் அடிபட்டது. ஜூன் 10-ல் பிரதமர் வாஜ்பாய் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த விஞ்ஞானி அப்துல் கலாமைக் கேட்டார். ராமேஸ்வரத்தில் பிறந்த, எந்தத் தேர்தலிலும் நின்றிராத அவர் ஜூலை 25-ல் ஜனாதிபதி ஆனார். 2017-ல் மூத்த தலைவர் அத்வானியின் பெயர் நெடுநாள் அடிபட்டது. வந்தவர் பீகார் ஆளுநர் ராம்நாத் கோவிந்த்.

2022-ல் வந்தவர் திரௌபதி முர்மு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சந்தால் பழங்குடிப் பெண். ஜூன் 21-ல் அவர் பெயரை அறிவித்தார்கள். எதிரே யஷ்வந்த் சின்ஹா. ஜூலை 18-ல் ஓட்டுப் பதிவு.

மாநிலங்களின் ஓட்டுப் பெட்டிகள் டில்லிக்கு வர வேண்டும். விமானத்தில் கொண்டு வந்த பெட்டிக்குத் தனி டிக்கெட் எடுத்தார்கள். அதிகாரிக்குப் பக்கத்து இருக்கையில் பெட்டியும் உட்கார்ந்து வந்தது. ஜூலை 21-ல் எண்ணினார்கள். முர்முவுக்கு 6,76,803 மதிப்புள்ள ஓட்டு. சின்ஹாவுக்கு 3,80,177. பழங்குடி மக்களிலிருந்து ஒருவர் ஜனாதிபதி ஆனது அதுவே முதல் முறை.

இந்தத் தேர்தலில் பொத்தானும் இல்லை, முத்திரையும் இல்லை. தேர்தல் அதிகாரி கொடுக்கும் பேனாவால் பெயருக்கு எதிரே 1 என்று எண்ணால் எழுத வேண்டும். வேறு பேனாவால் எழுதினால் செல்லாது. 1 விட்டுப்போனாலும் செல்லாது. அன்று பதிவான 4,754 ஓட்டுகளில் 53 ஓட்டுகள் செல்லாமல் போயின. அதில் 15 எம்.பி.க்கள் போட்டவை.